சம்பந்தி சொன்ன நோ

அது தொடங்கியது ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு இருபதுக்கு. குசினியில் மைக்ரோவேவின் கடிகாரம் எனக்கு நேரே இருந்தது, அதனால் நேரம் தெரியும். கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. திரையில் ‘சம்பந்தி’ என்று இருந்தது. அந்த நேரத்தில் அவர் என்னை அழைக்கக் காரணமே இல்லை. அவரும் என் மகளும் காலையிலிருந்து சிட்னிக்கு மேற்கே நீல மலையில் ஒரு பாறையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறும் நாட்களில் அவர் கைபேசியைப் பையின் அடியில் போட்டுவிடுவார், மாலையில்தான் எடுப்பார். நான் அடுப்பை அணைத்தேன். கையைத் துடைத்தேன்.

அவர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகளின் மாமனார். செக் நாட்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர். ஆங்கிலத்தில் அவரை யாருக்காவது அறிமுகப்படுத்துவதென்றால் மகளின் கணவனின் தகப்பன் என்று நீட்ட வேண்டும். தமிழில் ஒரே சொல் போதும். கலியாணப் பேச்சு நடந்த நாட்களில் என் கணவர்தான் அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்தார். அவர்களுடைய மொழியில் எந்தச் சொல்லையும் முதல் அசையில்தான் அழுத்துவார்களாம். அதனால் அவர் வாயில் அது ‘சம்’ என்று இடித்துவிட்டு ‘பந்தி’ என்று தேய்ந்து போகும்.

“சரியாத்தான் சொல்லுறார்,” என்றார் என் கணவர். “சம், பந்தி. பந்திக்கு மட்டும் நேரம் பிந்தாமல் வாற ஆள்.”

நான் அதை ஆங்கிலத்தில் விளக்கினேன். சம்பந்தி முழுவதையும் கேட்டுவிட்டு, சிரிக்காமல், தன் தட்டில் இன்னொரு துண்டுப் புட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் பிறந்த ஊர் செக் நாட்டின் வடக்கில் இருக்கிறது. அங்கே மணற்கல் தூண்கள் காட்டு மரங்களைப் போல நெருக்கமாக நிற்கும் என்பார். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறு பாறை. அந்தக் கல் மென்மையானது. அதன் வெடிப்புகளுக்குள் இரும்புச் சாமான் எதையும் செருகக் கூடாதாம். கயிற்றில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை வெடிப்புக்குள் திணித்து, அதை நம்பி மேலே போக வேண்டும். மழை பெய்தால் கல் உள்ளே காயும்வரை தொடவும் கூடாது. “தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டில் ஏறுவாயா?” என்று என் மகளிடம் கேட்பார். இங்கத்தைய கல் வேறு, அவ்வளவு மென்மை இல்லை என்று அவள் வாதாடுவாள். அவர் அசைய மாட்டார். மழையைக் காரணம் காட்டி அவர் தள்ளிப்போட்ட சனிக்கிழமைகள் ஏராளம். அவருடைய அந்தப் பிடிவாதம் மட்டும்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்தத் தூண்களில் பழகியவர் பிறகு காக்கசஸ் மலைகளுக்குப் போனார், பாமீருக்குப் போனார். கடைசியாக இமயமலையில், அதுவரை யாரும் ஏறியிராத ஒரு சுவரில், ஒரு கூட்டாளியோடு ஏறினார். ஊர்ப் பத்திரிகையில் படம் வந்ததாம். இரண்டு வருடங்கள் கழித்து அவரும் மனைவியும் யூகோஸ்லாவியாவுக்கு விடுமுறை போகக் கம்யூனிஸ்ட் அரசிடம் அனுமதி வாங்கினார்கள். அங்கே சுற்றுலா பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு மலையைக் கடந்து ஆஸ்திரியாவுக்குள் நடந்துவிட்டார்கள். அவர் ஏறியவற்றிலேயே அதுதான் மிகச் சுலபமான மலையாம். திரும்பி இறங்க முடியாது என்பது ஒன்றுதான் வித்தியாசமாம். அதற்குப் பிறகு அந்த இமயமலைச் சுவரைப் பற்றி அவருடைய நாட்டில் எழுதியவர்கள் கூட்டாளியின் பெயரை மட்டும் எழுதினார்கள். கயிற்றின் மற்ற நுனியைப் பிடித்திருந்தது யார் என்று பல வருடங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

அங்கே ஒரு அகதி முகாமிலிருந்து சிட்னிக்கு வந்தார். இங்கே நகரத்து உயர்ந்த கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தார், பிறகு பெயின்ட் அடித்தார். அதிலேயே ஓய்வு பெற்றார். மனைவி இறந்த பிறகு மலைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார். ஏறுவதை விட்டிருந்தார். மறுபடி அவரை இழுத்தது என் மகள். அவள் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், பிளாஸ்டிக் பிடிகள் பதித்த உள்ளரங்குச் சுவர்களில் ஏறப் பழகியவள். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று கராஜில் தொங்கிய கயிற்றைக் கண்டு, அதற்குக் கீழேயே நின்றுவிட்டாளாம். மருமகனுக்கு இதெல்லாம் ஆகாது. ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏற மாட்டான். “என்ர அப்பாவையும் என்ர மனுசியையும் ஒரே கயித்தில கட்டிவிட்டிட்டு நான் கீழ நிண்டு கண்ணை மூடுறன்,” என்று எங்களிடம் பழகிய தமிழில் சொல்வான். வேலைக்காக அடிக்கடி மெல்பேர்ன் போய் வருவான். அந்த வார இறுதியிலும் அங்கேதான் இருந்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சம்பந்தியின் தங்கை இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனை அழைப்பார். சம்பந்தி எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தால், கைபேசியோடு பின்வளவுக்குப் போய்க் கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுவார். பேசுவதை விடக் கேட்பதுதான் அதிகம். இடையிடையே “நோ” என்பார். “நோ, நோ.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “நோ.”

“பாவம் அந்த மனுசி,” என்றார் என் கணவர் ஒருநாள், குசினி ஜன்னலில் நின்றபடி. “என்னத்தைக் கேட்டாலும் இல்லை எண்டுறாரே.”

“காணிப் பிரச்சினையாக்கும்,” என்றேன் நான்.

“அப்ப அவையளும் எங்கட ஆக்கள்தான்.”

இருவரும் சிரித்தோம். சகோதரங்களுக்கிடையில் என்ன என்று வெளியாள் கேட்பது மரியாதையில்லை. அதனால் நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. மகளிடமும் கேட்கவில்லை.

அன்று காலை மகள் எங்கள் வீட்டிலிருந்துதான் போனாள். கணவன் மெல்பேர்ன் போகும் நாட்களில் எங்களோடு வந்து தங்குவாள். பரமட்டா நிலையத்தில் அவளை மலை ரயிலுக்கு விடுவதற்காக என் கணவர் கார் சாவியோடு நின்றார். அவள் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டே, “பாய், மம்,” என்றாள்.

“போட்டு வாறன் எண்டு சொல்லு.”

“சேம் திங்.”

“இல்லை. சொல்லிப்போட்டுப் போ.”

“ஓகே, ஓகே. போட்டு வாறன். ஹாப்பி?”

சந்தோசம்தான் என்றேன். அவள் போன பிறகு வீட்டைக் கூட்டினேன். நான் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். சனிக்கிழமை மட்டும்தான் வீட்டு வேலைக்கு ஒழுங்காக நேரம் கிடைக்கும்.

இனி அந்த அழைப்பு. சம்பந்தி பேசும் ஆங்கிலத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒரு சொல்லை மட்டும் காதில் கேட்டபடியே விட வேண்டியிருக்கிறது.

“சம்பந்தி,” என்றார். பின்னால் காற்று இரைந்தது. “கல் உடைந்துவிட்டது. அவள் விழுந்துவிட்டாள்.”

அதன் பிறகு அவர் சொன்னது வெட்டி வெட்டி வந்தது. ஆம்புலன்ஸ் என்ற சொல் காதில் விழுந்தது. ஒரு இடத்தின் பெயரைச் சொன்னார். மகன் எடுக்கிறானில்லை என்றார்.

“பிள்ளை உயிரோடயோ?” என்று கேட்டேன். தமிழில் கேட்டேன் என்பது எனக்கே உடனே தெரியவில்லை. அவர் ஏதோ சொன்னார். அது ஆங்கிலம் இல்லை. நான் மறுபடி ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டேன்.

“நோ,” என்றார். பிறகு மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போல, “நோ, நோ. ஷி…”

அதோடு தொடர்பு அறுந்தது. ஷி என்று தொடங்கிய அந்த ஆங்கில வாக்கியத்தின் மிச்சம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நான் கைபேசியைக் கழுவிய கரண்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பொரிந்த கத்தரிக்காயைத் தட்டில் எடுத்தேன். அது பொன்னிறம் தாண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே என் கணவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வளவின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டு கையைக் காட்டினார். நானும் கையைக் காட்டினேன். அவர் திரும்பி அந்த வரிசையை முடிக்கும்வரை நின்று பார்த்தேன். இன்னும் கொஞ்சம் புல் மிச்சம் இருந்தது, அவர் அதையும் வெட்டி முடிக்கட்டும் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. வரும் என்று காத்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு வெளியே போனேன்.

“பிள்ளை விழுந்திட்டாளாம்,” என்றேன். “போகவேணும்.”

மற்றதை நான் சொல்லவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் கார் ஓட்ட வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் அதுவாக இருக்காது. அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தால் அதை நான்தான் செய்தது போல ஆகிவிடும் என்று எங்கோ தோன்றியது.

மோட்டர்வேயில் அவர் பேசிக்கொண்டே வந்தார். எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள், மருமகனுக்கு மறுபடி அடித்துப் பாரும், கால் முறிந்தால் இந்தக் காலத்தில் ஆறே கிழமையில் நடக்கலாம். நான் மருமகனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. சம்பந்திக்கு அடித்தேன், மணியே போகவில்லை. அவசர உதவி எண்ணுக்கு அடித்தேன், ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார்கள். நெப்பியன் ஆற்றைக் கடந்து சாலை மலையில் ஏறத் தொடங்கியதும் காது அடைத்தது.

“நீர் ஏன் ஒண்டும் கதைக்கிறீரில்லை?” என்றார்.

“காது அடைச்சிருக்கு.”

“எச்சிலை விழுங்கும்.”

விழுங்கினேன். மனம் அதன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. எந்த மண்டபம் எடுப்பது. எந்தப் படம் வைப்பது, பட்டமளிப்புப் படத்தில் கண் பாதி மூடியிருக்கும், கலியாணப் படம் வைத்தால் மருமகன் தாங்க மாட்டான். பரிசோதனைக் கூடத்துக்கு யார் சொல்வது, திங்கட்கிழமை என் முறையை யார் பார்ப்பது. இவற்றை யோசிக்கும் பெண்ணை நான் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்ப்பது போல இருந்தது. மடியில் ஒரு பை இருந்தது. எடுத்தது நினைவில்லை. திறந்து பார்த்தேன். தேநீர்ப் போத்தலும், மூடிய டப்பாவில் அந்தக் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தன.

“அந்தக் கிழவன் கவனமான ஆள்,” என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி. “என்ர பிள்ளையை விடமாட்டான். கலியாணத்துக்கு எங்கட வளவில கட்டின கூடாரக் கயிறு, அவன் போட்ட முடிச்சு, இண்டைக்கும் என்னால அவிழ்க்க ஏலாமல் கிடக்கு.”

அது உண்மை. கயிற்றை அறுத்துத்தான் கூடாரத்தைக் கழற்றினோம். முடிச்சு வேலித் தூணில் அப்படியே இருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த இடம் ஒரு பார்வை முனை. கார்கள் நிறுத்தும் இடம், கம்பி வேலி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. பொலிஸ் வாகனமும் ஆம்புலன்ஸும் நின்றன. காற்று அதிகம், ஹெலிகொப்டர் வர முடியாது, நோயாளியைத் தூக்குப்படுக்கையில் வைத்துப் பாதையால் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு இளம் பொலிஸ்காரி சொன்னாள்.

என் கணவர் என் கையைப் பிடித்தார். “கேட்டீரோ? நோயாளி எண்டுறாள். அப்ப பிள்ளை இருக்கிறாள்.”

நான் தலையாட்டினேன். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை எல்லோரும் நோயாளிதான், அது எனக்கு வேலையில் தெரியும். பொலிஸ்காரியைக் கேட்டிருக்கலாம். நான் ஏற்கனவே ஒருதரம் கேட்டுவிட்டேன், ஒருவர் பதில் சொல்லிவிட்டார். இன்னொருதரம் கேட்க எனக்குப் பலம் இருக்கவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் பள்ளத்தாக்கைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எங்களையும் சேர்த்து எடுத்துவிடாமல் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். முதலில் செம்மஞ்சள் உடுப்புகள், பிறகு படுக்கை. என் கணவர் ஓடினார். நான் ஓடவில்லை. படுக்கை என் பக்கம் வந்தது. அதில் என் மகளின் முகம் இருந்தது. கன்னத்தில் மண், கழுத்தைச் சுற்றிப் பட்டி. முகம் மூடப்படவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்தேனே தவிர அது என்னவென்று விளங்கவில்லை.

அவள் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“ஹாய், மம்,” என்றாள். “ஏன் இப்பிடி நிக்கிறீங்கள்? ஆரோ செத்த மாதிரி.”

என் கணவர் சிரித்தார், அழுதார், அவளுடைய நெற்றியில் கை வைத்தார். நான் பையைத் திறந்து தேநீர்ப் போத்தலை எடுத்து, பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸ்காரரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், திருப்பித் தந்தார்.

சம்பந்தி கடைசியாக வந்தார். தலைக்கவசம் கையில், முழங்கை கிழிந்திருந்தது. கயிற்றில் தொங்கிய அவளைத் தனியாளாக ஒரு பாறைத் தட்டுக்கு இறக்கி, தன் ஜக்கெட்டைச் சுற்றி, உதவி வரும்வரை அவளோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர் என்னை நோக்கி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். நான் திரும்பி ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டேன்.

இடுப்பெலும்பில் வெடிப்பு, இடது கணுக்கால் முறிவு, முன்கையில் ஒரு முறிவு. எல்லாம் ஆறும் என்றார்கள். மலையடிவாரத்து வைத்தியசாலையில் ஒரு நீண்ட தாழ்வாரம் இருந்தது. அதன் ஒரு முனையில் நாங்கள், மறு முனையில் அவர். என் கணவர் இரண்டு முனைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“ஏன் அந்த மனுசனோட கதைக்கிறீரில்லை? அவர் இல்லாட்டி பிள்ளை இல்லை.”

அப்போதுதான் சொன்னேன். அவள் செத்துப்போனாள் என்று அவர் எனக்குச் சொன்னார் என்றேன். மலைக்கு வரும் வழி முழுவதும் அதைத்தான் மடியில் வைத்திருந்தேன் என்றேன். என் கணவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

“வடிவாக் கேட்டனீரோ?”

“ரெண்டு தரம் கேட்டனான். மூண்டு தரம் நோ எண்டவர்.”

அவர் எழுந்துபோய் இயந்திரத்தில் கோப்பி எடுத்தார். ஒன்றை எனக்குத் தந்தார். இரண்டாவதைச் சம்பந்திக்குக் கொண்டுபோகவில்லை. தானே குடித்தார்.

மருமகன் மறுநாள் காலை முதல் விமானத்தில் வந்தான். முந்தைய நாள் முழுக்கக் கூட்டத்தில் இருந்தானாம், கைபேசி ஊமையாக இருந்ததாம். மனைவியைப் பார்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தான். அந்த முனையில் தகப்பன், இந்த முனையில் நாங்கள். நிலைமையைப் பார்த்து என்னிடம் வந்து குந்தினான்.

“அன்ரி, என்ன நடந்தது? அப்பாவோட கோவமோ?”

நான் சொன்னேன். எந்தச் சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டேன், நோ என்றார், நோ, நோ, ஷி என்றார், அறுந்துவிட்டது. அவன் முகம் மாறியது. முதலில் அவனுக்கும் என்னைப் போலத் திகைப்பு என்று நினைத்தேன்.

“ஷி எண்டு நிப்பாட்டினவரோ? இல்லாட்டி ஷியேயோ?”

“எனக்குத் தெரியாது. ஷி… ஏதோ.”

அவன் எழுந்து நின்றான். தாழ்வாரத்தின் மறுமுனையைப் பார்த்துத் தகப்பனிடம் தங்கள் மொழியில் சத்தமாக ஏதோ கேட்டான். ஒரு கேள்வி, அவ்வளவுதான். சம்பந்தி தலையை நிமிர்த்தினார். இரவு முழுக்க அதே கதிரையில் இருந்ததால் சட்டை கசங்கியிருந்தது.

“நோ,” என்றார். ஆமென்று தலையாட்டிக்கொண்டே சொன்னார். “நோ, நோ. ஷியே.”

என் கணவர்தான் முதலில் விளங்கிக்கொண்டார். கையில் இருந்த வெறுங் கோப்பையை நசுக்கினார். “கறிவேப்பிலை மரம்,” என்று மட்டும் சொன்னார்.

“எங்கட பாஷையில நோ எண்டா ஓம், அன்ரி,” என்றான் மருமகன். “ஷியே எண்டா உயிரோட இருக்கிறாள். அப்பா அவ இருக்கிறா எண்டுதான் சொன்னவர். ஓம், ஓம், இருக்கிறாள் எண்டு சொன்னவர்.”

நாற்பது வருடங்களுக்கு மேல் இந்த நாட்டில் ஆங்கிலத்தில் வாழ்ந்த மனிதர். அந்தப் பள்ளத்தாக்கில், கையில் இரத்தத்தோடு, அவர் தன் தாயின் மொழிக்குப் போய்விட்டார். என்னுடைய முதல் கேள்வியும் தமிழில்தானே வந்தது. என் வேலையில் நெகடிவ் என்று வந்தால் நல்ல செய்தி. அதைக்கூட அன்று நான் யோசிக்கவில்லை.

மருமகன் தகப்பனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது படுகிறது. சம்பந்தி எழுந்தார். என்னை நோக்கி ஓரடி வைத்தார், பிறகு நின்றுவிட்டார். வாயைத் திறந்து மூடினார். எந்த மொழியில் சொல்வதென்று தெரியாதவர் போல இருந்தது. பிறகு வாசல் பக்கம் நடந்து போய்விட்டார்.

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். நாங்கள் இருக்கும் பெண்டில் ஹில்லில் கடையில், ஹோம்புஷில் ஒரு கலியாணத்தில், கண்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பிற்பகலில் என்னுள் அணைந்த ஒன்று திரும்ப எரியவில்லை. மகள் எங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருந்தாள். நான் வாசலில் நின்று அவள் மூச்சு விடுவதைப் பார்ப்பேன். மனம் அதை ஒரு தகவலாகத்தான் எடுத்துக்கொள்ளும். உள்ளே ஏதோ ஒரு பகுதி இன்னும் மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது.

“கால் நோவோ?” என்று கேட்பேன். எங்கள் ஊர்ப் பேச்சில் நோ என்றால் வலி.

“நோ,” என்பாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒருநாள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மம், இனி இந்த வீட்டில அந்தச் சொல்லைத் தடை செய்யவேணும்.” சிரித்ததில் இடுப்பு நொந்து முகத்தைச் சுளித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பின் சத்தம் வந்தது.

சம்பந்தி வரவில்லை. மகளோடு தினமும் கைபேசியில் பேசினார். நான் அறைக்குள் வந்தால் அவள் குரலைத் தாழ்த்துவாள்.

“ஏன் அவர் வாறேல்லை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“உங்களுக்குப் பயந்துதான்.”

“எனக்கோ?”

“ஓம். இமயமலையில ஏறின ஆள், பெண்டில் ஹில்லுக்கு வரப் பயப்பிடுறார்.” பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். “தான் உங்களுக்கு அதைச் செய்துபோட்டன் எண்டுறார். தானா ஒரு தாய்க்கு அப்பிடிச் சொன்னனான் எண்டு திருப்பித் திருப்பிக் கேக்கிறார். கயித்தையெல்லாம் ஆருக்கோ குடுத்திட்டார், மம். இனி ஏறமாட்டாராம்.”

நான் ஜன்னல் திரையைச் சரிசெய்தேன். அந்தச் சுவரைப் பற்றி எழுதியவர்கள் அவர் பெயரை எடுத்துவிட்டு எழுதிய கதை நினைவுக்கு வந்தது. இந்தமுறை அவர் தானாகவே இறங்கிப் போகிறார் என்று பட்டது. அவர்மேல் கோபம் இருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை. இரக்கம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். அதுவும் கைக்கு அகப்படவில்லை. ஆனால் அவர் வராமல் விட்டால் அந்தத் தொலைபேசி அழைப்பு முடியாமலேயே இருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

“ஞாயிற்றுக்கிழமை பந்திக்கு வரச்சொல்லு,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “அப்பிடியே சொல்லவோ?”

“அப்பிடியே சொல்லு. புட்டு எண்டும் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை மழை. மேசையில் ஐந்து தட்டு வைத்தேன். மருமகன் மகளைத் தாங்கிக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினான். என் கணவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். “நேரம் பிந்துறான். பந்திக்குப் பிந்தாத ஆள்,” என்றார். புட்டு ஆறத் தொடங்கியது. நான் அதை ஒரு துணியால் மூடினேன்.

மழைக்கு ஊடாகப் படலைச் சத்தம் கேட்டது. யாரும் எழும்பவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய் மரக்கதவைத் திறந்தேன். வலைக் கதவுக்கு அப்பால் அவர் நின்றார். ஸ்திரி போட்ட சட்டை தோளில் நனைந்திருந்தது. மெலிந்திருந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டிருந்தார். அந்த வலைக் கதவு எங்கள் நடுவில் மூடியிருந்தது. அதைத் திறக்காமல்தான் கேட்டேன். ஆங்கிலத்தில் கேட்டிருக்கலாம். தமிழில்தான் வந்தது.

“பிள்ளையைப் பாக்க வந்தனீங்களோ?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கியது என்று தெரிந்தது. வாயைத் திறந்தார், உதடு ஒரு சொல்லுக்குக் குவிந்தது, அதை அப்படியே விழுங்கினார். பிறகு பதில் வந்தது. ஒரே அசைதான், தவறாக அழுத்த அதில் இடமில்லை.

“ஓம்,” என்றார் சம்பந்தி. நான் கொளுக்கியை எடுத்தேன். “ஓம், ஓம்.”